மலையக நகரங்களில் புகையை அளப்பது: யார், எவ்வளவு விடுகிறார்கள்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாடசாலைக் கூரையில் வளித்தர சென்சர் ஒன்று பொருத்தியிருக்கிறோம். காலையில் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண் துணிக்கை) ஏறுகிறது, மத்தியானம் இறங்குகிறது. இதில் பஸ் ஸ்டாண்டின் பங்கு எவ்வளவு, தேயிலைத் தொழிற்சாலையின் பங்கு எவ்வளவு, வீட்டு அடுப்பின் பங்கு எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதை அளக்க முடியுமா?"

முடியும், டீச்சர். ஆனால் கூரையில் இருக்கிற சென்சரை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. இன்னும் பத்து சென்சர் வாங்கினாலும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது. அதற்கு வேண்டியது ஒரு தராசு, ஒரு கொப்பி, பொறுமையாக வாகனம் எண்ணக்கூடிய சில பிள்ளைகள். சென்சருக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

சென்சர் சொல்வது, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துணிக்கை மிதக்கிறது என்று. அது செறிவு. பிள்ளைகள் கேட்பது, இந்த இடத்திலிருந்து நாளுக்கு எத்தனை கிலோ வெளியேறுகிறது என்று. அது வெளியேற்றம். இரண்டுக்கும் நடுவில் மலையும் காற்றும் வெயிலும் புகுந்து கணக்கை மாற்றிவிடுகின்றன. கண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கீழே வழிந்து அடியில் தங்கிவிடும். அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று மூடிபோட்டது போல நிற்கும். வெப்பநிலை நேர்மாறல் என்று பாடப் புத்தகத்தில் படிப்பிப்பது இதைத்தான். அந்த மூடியை வெயில் கலைப்பதற்கு முன்பே பாடசாலை வேன்களும் பஸ்களும் ஓடத் தொடங்கிவிடுகின்றன. அதே எண்ணிக்கை வாகனங்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடினால் சென்சர் காலையில் காட்டியதில் ஒரு பகுதியைத்தான் காட்டும். வாகனம் விட்ட புகை குறையவில்லை, அது கலக்கிற காற்றின் அளவுதான் கூடியிருக்கிறது.

2022 டிசம்பர் இரண்டாவது வாரத்தை நினைத்துப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் புயல் நின்ற நாட்களில் இந்தியத் துணைக்கண்டத்துப் பக்கமிருந்து மாசுபட்ட காற்று தீவு முழுவதும் பரவி, பாடசாலைகளுக்கு விடுமுறை விட வேண்டி வந்தது. அந்த இரண்டு மூன்று நாட்களில் ஹட்டனிலோ கண்டியிலோ யாரும் கூடுதலாக விறகு எரிக்கவில்லை. சென்சரை மட்டும் நம்பியிருந்தால், உள்ளூர்ப் புகை திடீரென்று பெருகிவிட்டதாகத்தான் எழுதியிருப்போம்.

மலையகத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு: மூடுபனி. விலை குறைந்த சென்சர்கள் லேசர் ஒளி துணிக்கையில் பட்டுச் சிதறுவதை வைத்தே கணக்கிடுகின்றன. ஈரப்பதன் 80, 85 சதவீதத்தைத் தாண்டும்போது துணிக்கைகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. சிறு பனித்துளிகளும் சேர்ந்துகொள்ளும். எது கரி, எது தண்ணீர் என்று அந்த ஒளிக்குத் தெரியாது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற இடங்களில் பனி இறங்கிய காலை நேரத்து எண்ணை அப்படியே எடுத்தால் சும்மா இருக்கிறவர்கள் மீதும் பழி விழும். ஒவ்வொரு அளவீட்டோடும் ஈரப்பதனைப் பதிந்து, 80 சதவீதத்துக்கு மேலான நேரங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். நம்பத்தக்க எடை வேண்டுமென்றால் வடிதாள் முறைதான்: காற்றை ஒரு தாளினூடாக 24 மணி நேரம் உறிஞ்சி, கட்டுப்படுத்திய ஈரப்பதனில் அந்தத் தாளை ஒரு நாள் வைத்திருந்து, நுண் தராசில் நிறுக்க வேண்டும். இது பாடசாலையில் முடியாது, பல்கலைக்கழக ஆய்வுகூடம் தேவை. ஒரு மாதமாவது அப்படி ஒரு கருவியின் பக்கத்தில் உங்கள் சென்சரை வைத்து ஒப்பிட்டுத் திருத்தம் எடுத்தால், அதற்குப் பிறகு அந்த சென்சர் சொல்வதில் அர்த்தம் இருக்கும்.

இனி வெளியேற்றத்துக்கு வருவோம். உலகம் முழுக்க நகரங்கள் இதற்குப் பயன்படுத்துவது ஒரே சூத்திரம்: எவ்வளவு எரிகிறது என்பதை, ஒரு கிலோ எரிந்தால் எத்தனை கிராம் வெளிவரும் என்பதால் பெருக்குங்கள். முதலாவதைச் செயற்பாட்டு அளவு என்பார்கள், இரண்டாவதை வெளியேற்றக் காரணி என்பார்கள். காரணிகளுக்குப் பெரிய அட்டவணைகள் இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஏபி-42 என்ற தொகுப்பு 1968 முதல் வந்துகொண்டிருக்கிறது. செயற்பாட்டு அளவுக்கு எந்த அட்டவணையும் கிடையாது. ஹட்டனில் நாளுக்கு எவ்வளவு விறகு எரிகிறது என்பதை ஹட்டன்காரர்கள்தான் நிறுத்துச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, எல்லோரும் காரணியைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள், விறகை யாரும் நிறுப்பதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அந்தப் புகைபோக்கிதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கொழுந்தை வாட்டுவதற்கும் கடைசியில் உலர்த்துவதற்கும் சூடான காற்று வேண்டும். அதற்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உலை எரிகிறது, பெரும்பாலும் விறகில்: இறப்பர் மரம், யூகலிப்டஸ், கிளிரிசிடியா. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய 1.5 முதல் 2 கிலோ விறகு போகும். நாளுக்கு 1,500 கிலோ தூள் எடுக்கிற ஒரு ஸ்டோர் என்று வைத்துக்கொண்டு, குறைந்த பக்கத்தை எடுத்தால் 2,250 கிலோ விறகு. மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத விறகு உலைகளுக்கு ஏபி-42 தரும் காரணியை நம் விறகின் வெப்ப மதிப்புக்கு மாற்றினால், கிலோவுக்கு சுமார் 2 கிராம் துணிக்கை வரும். ஆக நாளுக்கு நாலரைக் கிலோ. விறகு நனைந்திருந்தாலோ உலை பழுதாக இருந்தாலோ இது பல மடங்காகும்.

காரணியை நம்பாமல் நேரடியாகவே அளக்கவும் வழி உண்டு. புகைபோக்கியின் பக்கவாட்டில் துளையிட்டு, உள்ளே குழாய் விட்டு, புகையை வடிதாளினூடாக உறிஞ்சி எடுப்பார்கள். இதில் மிக நுட்பமான விஷயம் உறிஞ்சும் வேகம். புகை மேலே ஏறுகிற அதே வேகத்தில்தான் குழாயின் வாயும் உறிஞ்ச வேண்டும். மெதுவாக உறிஞ்சினால் காற்று வாயை விலகிப் போகும், ஆனால் கனத்த துணிக்கைகள் வளைய முடியாமல் நேரே உள்ளே விழும், எடை கூடுதலாக வரும். வேகமாக உறிஞ்சினால் பக்கத்துக் காற்றும் உள்ளே வரும், கனத்தவை வராமல் போகும், எடை குறைந்து வரும். அதனால் முதலில் புகையின் வேகத்தை பிட்டோ குழாயால் குறுக்கு வெட்டில் பல புள்ளிகளில் அளந்துகொள்வார்கள். துளை இருக்கும் இடமும் முக்கியம். வளைவு, விசிறி எதுவானாலும் அதைத் தாண்டிக் குழாய் விட்டத்தின் எட்டு மடங்கு நேராகப் போன பிறகுதான் ஓட்டம் சீராகும். பழைய தோட்டத்துப் புகைபோக்கிகளில் துளையும் இருக்காது, ஆள் நிற்க மேடையும் இருக்காது. அளக்கப் போகிறவர்கள் முதலில் பேச வேண்டியது வெல்டிங் வேலைக்காரரோடுதான்.

இதையும் விட அடிக்கடி கெட்டுப்போவது நேரத் தெரிவு. உலை வாயைத் திறந்து குற்றி போடும்போதெல்லாம் சில நிமிடங்களுக்குக் கரும்புகை தள்ளும், பிறகு தெளியும். தெளிந்த நேரத்தில் மட்டும் அளந்தால் எந்த ஸ்டோரும் சோதனையில் தேறிவிடும். குறைந்தது மூன்று நான்கு முறை விறகு போடுகிற அளவுக்காவது நேரம் விட்டு உறிஞ்ச வேண்டும். ஒட்சிசன் அளவையும் கூடவே பதிய வேண்டும், இல்லாவிட்டால் புகையில் வெறுங்காற்றைக் கலந்து செறிவைக் குறைத்துக் காட்டலாம். இலங்கையில் இந்த வகை நிலையான மூலங்களுக்கென்று 2019 இல் ஒழுங்குவிதிகள் வந்தன. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்குத் தொழிற்சாலை கட்டுப்பட்டிருக்கிறது. அதனால் அளவீட்டு அறிக்கை இருக்கிறதா என்று கேட்பது முறையான கேள்விதான், கேட்கத் தயங்க வேண்டாம்.

இப்போது அதே தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வாருங்கள். 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 78 சதவீதமளவு வீடுகளில் சமையலுக்கு முதன்மையான எரிபொருள் விறகு. 2022 இல் எரிவாயு தட்டுப்பட்டபோது காஸ் அடுப்பு வைத்திருந்த பலரும் மீண்டும் விறகுக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் நாளுக்கு 5 கிலோ விறகு என்று வைப்போம். சாதாரண மூன்று கல் அடுப்பில் கிலோவுக்கு 6 கிராம் நுண் துணிக்கை என்பது ஆய்வுகளில் வருகிற வீச்சுக்கு உட்பட்ட எண். முந்நூறு குடும்பங்கள் என்றால் 1,500 கிலோ விறகு, 9 கிலோ துணிக்கை. மேலே போட்ட ஸ்டோர் கணக்கைப் போல இரண்டு மடங்கு! ஸ்டோரை விடக் குறைந்த விறகு எரிந்தும் கூடுதல் புகை, ஏனென்றால் சிறிய அடுப்பில் எரிதல் முழுமையாக நடப்பதில்லை. இவை மாதிரிக்குப் போட்ட எண்கள்தான், உங்கள் ஊரில் நிறுத்துப் பார்த்தால் மாறும். ஆனால் பெரிய புகைபோக்கியைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இந்தக் கணக்கு அவசியம் என்று நான் நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமானது அந்த 9 கிலோ எங்கே வெளியேறுகிறது என்பது. வீட்டுப் புகையைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆய்வு செய்த கேர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு விதியைச் சொல்லி வந்தார்: வீட்டுக்குள் வெளிவரும் ஒரு கிராம் மாசு மனித நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு, வெளியில் விட்ட ஒரு கிராமை விட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. ஸ்டோர் புகை உயரத்தில் போய்க் கலைகிறது. லயத்து அடுப்புப் புகை, விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டி சுட்டுவிட்டு மலைக்குப் போகிற அம்மாவின் மூக்கிலிருந்து ஓர் அடி தூரத்தில் எழும்புகிறது. எந்த நகரமோ தோட்டமோ வெளியேற்றப் பட்டியல் போட்டாலும், அடுப்பைச் 'சிறு மூலம்' என்று கடைசி வரியில் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அடுப்பை அளப்பது எளிது, அதிலும் அழகான வழி ஒன்று இருக்கிறது. விறகின் பங்கு இப்படி: காலையில் வீட்டில் இருக்கிற விறகைத் தூக்குத் தராசில் நிறுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மீதியை நிறுங்கள், இடையில் கொண்டுவந்ததைக் கூட்டுங்கள். குறைந்தது மூன்று நாள். எத்தனை பேருக்குச் சமைத்தது என்றும் எழுதுங்கள். ஒரு துண்டை 105 பாகை செல்சியஸில் எடை நிலைக்கும்வரை உலர்த்தி ஈரத்தைக் கண்டுபிடியுங்கள். காரணியின் பங்குக்குக் காபன் சமநிலை என்று ஒரு முறை உண்டு. புகை முழுவதையும் பிடிக்கத் தேவையில்லை என்பதுதான் அதன் பெருமை. உலர்ந்த விறகில் ஏறக்குறைய பாதி காபன். எரிந்த காபன் அனேகமாக எல்லாம் காபனீரொட்சைட்டாகவும் காபனோரொட்சைட்டாகவும்தான் வெளியே வரும். அடுப்புக்கு மேலே ஓரிடத்தில் அந்த இரண்டு வாயுக்களையும் துணிக்கையையும் ஒரே நேரத்தில் அளக்கிறீர்கள். சாதாரணக் காற்றில் இருக்கும் அளவைக் கழித்த பிறகு, கன மீட்டரில் 1 கிராம் காபனும் 12 மில்லிகிராம் துணிக்கையும் இருந்தது என்று வையுங்கள். ஒரு கிலோ உலர்ந்த விறகில் 500 கிராம் காபன். அப்படியானால் 500 ஐ 12 ஆல் பெருக்க, கிலோவுக்கு 6 கிராம். புகை எவ்வளவு கலைந்திருந்தாலும் விகிதம் மாறாது.

இதே விகிதத் தந்திரம்தான் வாகனத்துக்கும். வீதியின் ஒரு பக்கமிருந்து மறு பக்கத்துக்கு ஒளிக்கதிரை விட்டு, கடந்து போகும் வாகனத்தின் புகையில் காபனீரொட்சைட்டுக்கும் மற்ற வாயுக்களுக்கும் உள்ள விகிதத்தை ஒரு நொடிக்குள் படிக்கும் கருவியை டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். ஓட்டுநருக்கு அளந்தது கூடத் தெரியாது. நம் நாட்டில் 2008 இல் தொடங்கிய வருடாந்தப் புகைப் பரிசோதனை வேறு வகை. வாகனத்தை நிறுத்திவைத்து, டீசலானால் இயந்திரத்தை முறுக்கிப் புகையின் அடர்த்தியையும், பெற்றோலானால் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் பார்ப்பது. மோசமான வாகனத்தைப் பிடிக்க அது உதவும். ஆனால் கினிகத்தேனைப் பக்கமிருந்து ஆள் நிறைந்த பஸ் இரண்டாம் கியரில் ஏறிவரும்போது கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் விடுகிறது என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. ஏற்றம் என்பது இயந்திரத்துக்குச் சுமை. உயரமும் சேர்ந்துகொள்கிறது: நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதற்கு ஏற்ப எரிபொருளைக் குறைத்துக்கொள்ளத் தெரியாத பழைய டீசல் இயந்திரம் கரியைத்தான் தள்ளும். சமவெளி நகரங்களில் எடுத்த காரணியை மலைப்பாதைக்கு அப்படியே போடக்கூடாது என்பது இதனால்தான்.

மலைப்பாதைக் காரணி எடுக்க றம்பொடைச் சுரங்கப்பாதை நல்ல இடம் என்று எனக்குத் தோன்றும். சுமார் 225 மீட்டர் நீளம். சுரங்கத்தின் இரு முனைகளிலும் செறிவை அளந்து, வித்தியாசத்தை உள்ளே ஓடும் காற்றின் அளவால் பெருக்கி, கடந்துபோன வாகனங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வெளியேற்றம் கிடைக்கும். பெரிய நாடுகளில் பல காலமாகச் செய்யும் முறை இது. நீளம் குறைவாக இருப்பதால் வித்தியாசமும் சிறிதாக இருக்கும், நுட்பமான கருவி வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு எண்ணுவதே போதும். பஸ், லொறி, வேனும் காரும், முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் என்று பிரித்து, ஏறுபவை இறங்குபவை தனித்தனியாக, பாதுகாப்பான இடத்தில் நின்று மணிக்கணக்கில் எண்ணுங்கள். ஸ்டாண்டில் இயந்திரத்தை அணைக்காமல் நிற்கும் பஸ்களின் நிமிடங்களையும் குறியுங்கள். நாளுக்கு 400 பஸ் ஓட்டம், நகருக்குள் 2 கிலோமீட்டர் என்றால், பழைய டீசல் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 0.8 கிராம் துணிக்கை போட்டாலும் 640 கிராம்தான் வரும். அதே பஸ்களின் நைதரசன் ஒட்சைட்டுகளோ கிலோமீட்டருக்கு 10 கிராம் அளவில், மொத்தம் 8 கிலோ. ஆகவே வாகனத்தின் தடத்தைத் தேடுகிறவர்கள் அவற்றில் ஒன்றான நைதரசனீரொட்சைட்டைப் பார்ப்பது நல்லது. அதற்கு மின்சாரமே வேண்டாம். ஒரு முனையில் ட்ரைஎதனோலமைன் பூசிய வலை வைத்த சிறு பிளாஸ்டிக் குழாய்களை மின்கம்பங்களில் இரண்டு முதல் நான்கு வாரம் கட்டிவிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும். 1976 முதல் உலகம் பயன்படுத்தும் முறை. ஸ்டாண்டில் ஒன்று, பாடசாலை வாசலில் ஒன்று, வீதிக்குத் தூரமாகத் தேயிலை மலையில் ஒன்று கட்டினாலே வித்தியாசம் தெரியும். மின்னணு சென்சர் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் சொன்னால் அதை மைக்ரோகிராமாக மாற்றும்போது உயரத்தை மறக்க வேண்டாம். கடல் மட்டத்தில் 1 பிபிபி நைதரசனீரொட்சைட்டு 1.88 மைக்ரோகிராம், நுவரெலியாவின் குளிரிலும் அழுத்தத்திலும் 1.55 அளவுதான்.

குப்பை எரிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அதன் காரணிகளில் நிச்சயமின்மை மிக அதிகம். பிளாஸ்டிக், ஈரம், கிளறிவிடுவது எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரே பாதையில் ஒரே நேரத்தில் நடந்து, எத்தனை இடத்தில் எரிகிறது, குவியல் எவ்வளவு என்று வாரம் முழுக்கப் பதிந்தால் போதும். ரயிலையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இப்படிச் சேர்த்த பட்டியல் சரிதானா என்று பார்ப்பதற்குத்தான் கூரை சென்சர். காற்று அசையாத ஒரு காலையில் பள்ளத்தாக்கைப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். 2 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், கலக்கும் உயரம் 200 மீட்டர் என்றால் 80 கோடி கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் செறிவு 20 மைக்ரோகிராம் ஏறியது என்றால், அந்த மணி நேரத்தில் உள்ளே சேர்ந்தது 16 கிலோ. உங்கள் பட்டியல் அதே மணி நேரத்துக்கு 5 கிலோதான் சொல்கிறது என்றால் ஏதோ ஒரு மூலம் விடுபட்டிருக்கிறது, இல்லையேல் மூடியின் உயரம் தவறு. அந்த உயரத்தைப் பிடிக்க மலையகத்தில் ஒரு வசதி உண்டு. சமவெளிக்காரர்கள் கோபுரம் கட்ட வேண்டிய இடத்தில் நமக்குத் தோட்டத்துப் பாதையே மேலே ஏறுகிறது. ஒரே மாதிரி மூன்று வெப்பமானிகளைப் பள்ளத்தில், நடுச்சரிவில், உச்சியில் நிழலான இடத்தில் வைத்து விடியற்காலை படியுங்கள். கீழே குளிராகவும் மேலே சூடாகவும் இருக்கிற இடைவெளி எங்கே முடிகிறதோ அதுதான் மூடி.

தொடங்குவதென்றால் விறகிலிருந்து தொடங்குங்கள். விரும்பி முன்வரும் முப்பது வீடு போதும், பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள். அதே மாதத்தில் வாகனம் எண்ணுங்கள், ஸ்டோரில் மாதாந்த விறகுக் கணக்கைக் கடிதம் மூலம் கேளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். நகர சபைக்கோ அதிகார சபைக்கோ கொண்டுபோகும்போது அந்த வீச்சுதான் உங்கள் கணக்குக்கு மதிப்பைத் தரும். வருடத்தில் இரண்டு முறை செய்யுங்கள். ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஜூன், ஜூலையில் விறகு நனைந்திருக்கும், பெப்ரவரி, மார்ச்சில் காய்ந்திருக்கும். பதுளைப் பக்கத்துப் பாடசாலை ஏதாவது உங்களோடு சேர்ந்தால் அவர்களுக்கு ஈரமான மாதங்கள் டிசம்பர், ஜனவரி. ஒரே கிலோ விறகுக்கு இரண்டு பருவத்திலும் புகை எவ்வளவு மாறுகிறது என்பதை அந்த ஒப்பீடே காட்டிவிடும்.